ஒட்டுதலும் ஒன்றாதலும்

நிலத்தின்மேல் எழும் கட்டடம் தன்னைக் கட்டியோரின் திறமைக்கும் திறமையின்மைக்கும் தானே சான்றாய் நிற்கின்றது. சுவர் சாய்ந்தால் வழிப்போக்கனும் காண்பான். கூரை ஒழுகினால் வீட்டார் அன்றிரவே அறிவர். நிலத்தின் கீழ் இடப்படும் குழாயின் நிலை வேறு. அதனை இணைத்தவன் எவ்வாறு இணைத்திருப்பினும் மாலைக்குள் மண் மூடிவிடும்; மண்ணின்மேல் தெரு அமைந்துவிடும். அதன்பின் அவ்விணைப்பு நல்லதோ தீயதோ என்று சொல்ல வல்லவை இரண்டே: ஒன்று காலம், மற்றையது இணைத்தவனின் நெஞ்சு. இது எல்லாக் குழாய்களுக்கும் பொதுவெனினும், பொலி எதிலீன் குழாய்களை மின்சாரத்தால் உருக்கி இணைக்கும் தொழிலுக்குச் சிறப்பாகப் பொருந்துகின்றது. அத்தொழிலின் இயல்பை ஓரளவேனும் அறிந்தாலன்றி அதனைச் செய்வோன் சுமக்கும் பொறுப்பை அளவிடல் இயலாது.

பொலி எதிலீன் தற்செயலாய்ப் பிறந்த பொருள். 1933ஆம் ஆண்டு மார்ச் மாதம், இங்கிலாந்தின் வின்னிங்டன் என்னும் இடத்திலிருந்த இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ரீஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில், எரிக் ஃபோசெற், றெஜினால்ட் கிப்சன் என்னும் இருவர் எதிலீன் வாயுவை வேறொரு சேர்வையுடன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வளிமண்டல அமுக்கத்தில் வெப்பமேற்றினர். அவர்கள் எதிர்பார்த்த தாக்கம் நிகழவில்லை; பாத்திரத்தின் உள்ளே மெழுகு போன்ற வெண்ணிறப் பொருள் சிறிதளவு படிந்திருந்தது. வாயுவினுள் அறியாமற் கலந்திருந்த சொற்ப ஒட்சிசனே அத்தாக்கத்தைத் தொடக்கி வைத்தது என்பது பின்னரே தெளிவாயிற்று. 1935இல் மைக்கல் பெரின் என்பவர் அதனை நம்பகமாக மீளச் செய்யும் வழியைக் கண்டார். இரண்டாம் உலகப் போரின்போது ரேடார்க் கருவிகளின் மின்வடங்களுக்கு அப்பொருள் உறையாயிற்று. 1953இல் ஜேர்மனியின் கார்ல் சீக்ளர் குறைந்த அமுக்கத்திலேயே, அடர்த்தி மிகுந்த பொலி எதிலீனைப் பெறும் முறையைக் கண்டு, 1963இல் இத்தாலியரான ஜூலியோ நட்டாவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்று தெருவோரங்களிற் காணப்படும் நீலக் கோடிட்ட கருங்குழாய்கள் அவ்வழி வந்தவையே.

இக்குழாயின் சிறப்புகள் பல. அது துருப்பிடிப்பதில்லை; உப்புக் காற்றும் உவர் மண்ணும் அதனை அரிப்பதில்லை; நிலம் சற்று அசைந்தாலும் உடையாது வளைந்து கொடுக்கும். ஆயின் ஒரு வகையில் அது பிடிவாதமானது. ஊரார் 'எஸ்லோன்' என்று வழங்கும் பீவீசீக் குழாயைப் பசை பூசி ஒட்டிவிடலாம். அப்பசையிலுள்ள கரைப்பான் குழாயின் மேற்பரப்பை இளக்கிப் பிணைக்கும். பொலி எதிலீனோ மெழுகின் இனத்தது. மெழுகின்மேல் நீர் நில்லாதவாறு போல அதன்மேற் பசையும் நில்லாது. சாதாரண வெப்பநிலையில் அதனைக் கரைக்கவல்ல கரைப்பானும் தொழிலாளியின் கையில் இல்லை. எனவே அதனை மற்றொன்றுடன் ஒட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இறுக்கிப் பொருத்தும் இணைப்புகள் உளவெனினும் அவற்றில் இரண்டு துண்டுகளும் என்றும் இரண்டாகவே இருக்கும். இரண்டும் ஒன்றாகவேண்டுமெனில், இரண்டும் தத்தம் உருவை இழந்து உருகவேண்டும்.

இவ்வாறு ஒன்றாதல் எங்ஙனம் நிகழ்கின்றது என்பதை நோக்குவது பயனுடைத்து. பொலி எதிலீன் ஒரு பல்பகுதியம். அதன் மூலக்கூறுகள் மிக நீண்ட சங்கிலிகளாய் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. வெப்பநிலை ஏறக்குறைய 130 பாகை செல்சியசைத் தாண்டுகையில் அச்சங்கிலிகள் தம் ஒழுங்கிலிருந்து விடுபட்டு அசையத் தொடங்குகின்றன. நெருக்கடியான புற்றுக்குள் பாம்பு தன் உடலின் வழியே நெளிந்து முன்னேறுவது போல, ஒவ்வொரு சங்கிலியும் அயற்சங்கிலிகளிடையே ஊர்ந்து செல்கின்றது. பிரான்சு நாட்டுப் பௌதிக அறிஞர் பியர் ஜீல் டி ஜென் 1971இல் இவ்வூர்தலுக்குக் கணித வடிவம் தந்தார். 1991இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. உருகிய இரு பரப்புகள் ஒன்றையொன்று தொட்டு நிற்குமாயின், இப்பக்கத்துச் சங்கிலிகள் அப்பக்கமும் அப்பக்கத்துச் சங்கிலிகள் இப்பக்கமும் ஊர்ந்து பின்னிக்கொள்ளும். ஆறியபின் இடையே எல்லை என்று காட்ட ஒன்றும் இராது.

மின்னுருக்கிணைப்பு என்னும் முறை இதனைத் தெருவோரக் கிடங்கிலேயே நிகழ்த்திவிடுகின்றது. தொழிலாளர் 'சொக்கற்' என்றழைக்கும் இணைப்பு உறையும் பொலி எதிலீனால் ஆனதே. அதன் உட்சுவரை ஒட்டி மெல்லிய கம்பிச்சுருள் பதிக்கப்பட்டிருக்கும். இரு குழாய்களின் முனைகளும் இரு பக்கமிருந்து அதனுள் நுழைந்து நடுவிற் சந்திக்கும். மின்பிறப்பாக்கியுடன் தொடுக்கப்பட்ட மெசினின் இரு வடங்களையும் சொக்கற்றின் இரு முனைகளிற் பொருத்தி, அதன்மேல் ஒட்டப்பட்ட பட்டைக்குறியை வாசிக்கச் செய்தால், எத்தனை வோல்ற்று, எத்தனை விநாடி என்பதை மெசின் தானே அறிந்துகொள்ளும்; சுற்றுப்புற வெப்பநிலைக்கேற்ப நேரத்தையும் திருத்திக்கொள்ளும். பெரும்பாலும் 40 வோல்ற்றளவான மின்னோட்டம் கம்பியைச் சுடச் செய்ய, சொக்கற்றின் உட்புறமும் குழாயின் வெளிப்புறமும் சேர்ந்து உருகும். உருகும் பொருள் விரிவடையும்; விரிய இடமின்றிச் சூடேறாத ஓரப்பகுதிகள் அதனைத் தடுக்கும்; அதனால் எழும் அமுக்கமே இரு பரப்புகளையும் நெருங்கச் செய்கின்றது. சொக்கற்றின் மேலுள்ள இரு சிறு துளைகளிற் குமிழ்கள் மேலெழுந்து, உள்ளே உருகல் நிகழ்ந்ததை அறிவிக்கும். பின்னர், குறித்த நேரம் ஆறும்வரை குழாயை அசைத்தலாகாது. இறுக்கிய கிளாம்புகள் அதுவரை கழற்றப்படாதிருத்தல் வேண்டும்.

இவ்வளவையும் கேட்போர், 'எல்லாவற்றையும் மெசின் செய்துவிடுகின்றதே, தொழிலாளிக்கு என்ன வேலை?' என வினவுதல் இயல்பே. உண்மையில் இணைப்பின் தலைவிதி மெசினை இயக்குமுன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. தொழிற்சாலையிலிருந்து வந்து வெயிலிலும் காற்றிலும் கிடந்த குழாயின் மேற்பரப்பில் ஒட்சியேற்றமடைந்த மென்றோல் ஒன்று படிந்திருக்கும். அத்தோலிலுள்ள சங்கிலிகள் உருகினும் எதிர்ப்பக்கம் ஊர்ந்து பின்னும் ஆற்றலை இழந்தவை. ஒட்சிசனின் தற்செயற் கலப்பினாற் பிறந்த பொருள், ஒட்சிசன் தீண்டிய தோலினாலேயே இணையாது போவது வியப்புக்குரிய முரண் எனலாம். அத்தோலைச் சுரண்டி நீக்கவேண்டும். நீக்கவேண்டிய தடிப்பு ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றர், சில கடதாசித் தாள்களை அடுக்கிய அளவே. மணற்கடதாசியும் அரமும் இதற்கு உதவா. அவை அழுக்கைத் தேய்த்துப் பரப்புமேயன்றித் தோலை உரிக்கமாட்டா. கூரிய சுரண்டியால் உரிக்கும்போது கருஞ்சுருள்கள் மரச்சீவல் போல உதிரவேண்டும். பின்பு ஐசோபுரொப்பைல் அற்ககோல் தோய்ந்த துணியால் துடைத்து உலரவிட்டு, கைபடாமற் சொக்கற்றினுட் செலுத்தவேண்டும். விரலின் எண்ணெய்ப் பசையும் ஒரு துளி வியர்வையும் அவ்விடத்தைக் கெடுக்கப் போதியவை. ஈரம் இருப்பின் அது ஆவியாகி உருகிய பொருளினுட் குமிழிடும்.

க.பொ.த. உயர்தரப் பரீட்சையை முடித்து, வெட்டுப்புள்ளி வெளிவந்து, கலைப்பீடத்துக்கு அனுமதியும் பெற்று, விரிவுரைகள் தொடங்குவதற்காகக் காத்திருந்த இளைஞன் ஒருவன் யாழ்ப்பாணத்து ஊரொன்றில் இத்தொழிலுக்கு உதவியாளாய்ச் சென்றான். வீட்டின் தேவையே அவனை அங்கு அனுப்பியது. நால்வர் கொண்ட குழுவுக்குத் தலைவராய் இருந்தவர் ஐம்பது வயதைக் கடந்தவர். மத்திய கிழக்கு நாடொன்றிற் பல ஆண்டுகள் குழாய்வேலை செய்து ஊர் திரும்பியவர். முதல் நாள் அவர் இளைஞனிடம் கொடுத்தது சுரண்டியையும் வெள்ளை நிறக் குறிகோல் ஒன்றையுமே. சுரண்டுமுன் குழாயின் முனையைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாய்க் கோடுகள் இடச்சொன்னார்.

"கோடு ஒண்டும் மிஞ்சக்கூடாது தம்பி. கோடு நிக்கிற இடத்தில நீ சுரண்டேல்லை எண்டு அர்த்தம்."

"வடிவாத் துடைச்சால் போதாதோ அண்ணை?"

அவர் விடை கூறவில்லை. கழிவுத் துண்டுகள் இரண்டை எடுத்து, ஒன்றைச் சுரண்டியும் மற்றையதைத் துடைத்து மட்டும் விட்டும், இரு சொக்கற்றுகளில் இணைக்கச் செய்தார். இரண்டுக்கும் மெசின் ஒரே விடையையே காட்டியது. இரண்டிலும் குமிழ்கள் எழுந்தன. வெளிப்பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். மறுநாள் இரண்டையும் நீளவாக்கிற் கீலங்களாக அறுத்து, குறட்டாற் பற்றி இழுக்குமாறு கூறினார். துடைத்து மட்டும் விடப்பட்ட கீலம் வாழைமடல் உரிவது போல விலகிற்று. அதன் உட்புறம் கண்ணாடி போல வழவழப்பாய், கம்பிச்சுருளின் தடம் மட்டும் பதிந்ததாய் இருந்தது. சுரண்டிய கீலம் விலக மறுத்தது. குழாயின் உடலே இழுபட்டு, வெளிறி, நார்நாராய்க் கிழிந்ததேயன்றி இணைந்த இடம் பிரியவில்லை. ஒட்டியது எது, ஒன்றானது எது என்பதை இளைஞன் அன்று கைகளால் அறிந்தான்.

சுரண்டாத இணைப்பு உடனே ஒழுகுவதில்லை. வேலை முடிந்ததும் நீரை நிரப்பி அமுக்கச் சோதனை செய்வர். அச்சோதனையில் அது தேறிவிடவும் கூடும். குழாயோ 50 ஆண்டுக் கணக்கில் உழைக்குமென்று வடிவமைக்கப்பட்டது. பம்பிகள் இயங்கி நிற்குந்தோறும் அமுக்கம் ஏறி இறங்கும். மாரியில் மண் இளகிக் கோடையில் இறுகும். மேலே பாரவாகனம் ஓடும். இவற்றையெல்லாம் தாங்கித் தாங்கி, வழவழப்பான அம்முகம் ஒருநாள் மெல்லத் திறக்கும். அன்று தெருவைத் தோண்டுபவனுக்கு அதனை இணைத்தவன் யாரென்று தெரியாது.

மாரி தொடங்கிய வாரத்தில் ஒருநாள், வேலை முடியும் வேளையில் இவ்வுண்மை அக்குழுவைச் சோதித்தது. தலைவரும் இளைஞனும் கிடங்கின் ஒரு தலைப்பில் நின்றபோது, மற்றிருவரும் மறுதலைப்பில் இணைப்பொன்றை முடித்திருந்தனர். மேகம் கவிந்திருந்தது, மண்போடும் இயந்திரம் வந்து காத்திருந்தது. தலைவர் கிடங்கில் இறங்கி முழந்தாளிட்டு நோக்கினார். முறைப்படி சுரண்டியிருப்பின், சொக்கற்றின் விளிம்புக்கு வெளியேயும் சிறிதளவு சுரண்டிய பரப்பு மங்கலாய்த் தெரிதல் வேண்டும். அங்கே குழாய் புதுக்கருக்கு மாறாமல் மினுங்கியது.

"சுருள் எங்கை?" என்று மட்டும் அவர் கேட்டார். கிடங்கின் அடியிற் கருஞ்சுருள் ஒன்றுமில்லை. இருவரும் வாய் திறக்கவில்லை.

துணை ஒப்பந்தகாரரின் மேற்பார்வையாளர் மேலே நின்றார். "மெசின் ஓக்கே எண்டு காட்டிப்போட்டுது. பேந்தென்ன அண்ணை? மழை வரப்போகுது, மூடுவம்."

"சேர், வயரில கரண்ட் போனது மட்டுந்தான் மெசினுக்குத் தெரியும். இவங்கள் சுரண்டினவங்களோ எண்டு அதுக்குத் தெரியாது. இதை வெட்டத்தான் வேணும்."

வெட்டுதல் எளிதன்று. ஒருமுறை உருகிய சொக்கற்றை மீள எடுக்க முடியாது. வெட்டி நீக்கிய இடைவெளியை நிரப்பச் சிறு குழாய்த் துண்டு ஒன்றும், அதன் இருபுறத்துக்கும் இரண்டு புதிய சொக்கற்றுகளும் வேண்டும். ஒரு தவறான இணைப்பு இரண்டு நல்ல இணைப்புகளை விலையாய்க் கேட்கின்றது. அக்குழுவுக்கோ இணைப்பின் எண்ணிக்கைப்படியே கூலி. மேற்பார்வையாளர் செலவைக் குழுவின் கணக்கிற் கழிப்பதாகக் கூறினார். "கழியுங்கோ சேர்" என்றார் தலைவர். கூடாரம் விரித்து, மழைக்குள் விளக்கொளியில் வேலை முடிய இரவாயிற்று. அவ்வாரக் கூலியில் நால்வருக்கும் குறைந்தது. சுரண்டாதவர்க்கும் சுரண்டியவர்க்கும் ஒரேயளவு குறைந்தது. அவ்விருவருள் ஒருவர் மூன்று பிள்ளைகளின் தந்தை. "உங்கடை நேர்மைக்கு என்ரை பிள்ளையளோ பட்டினி கிடக்கிறது?" என அவர் கேட்டபோது தலைவரிடம் விடை இருக்கவில்லை. இளைஞனும் விடை காணவில்லை.

அக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. கலைப்பீடத்து மாணவர் இத்தகைய கதையைக் கேட்டவுடன் தலைவரைப் போற்றி, மற்றையவரைக் குறைகூறி, அமைதியடைவர். வள்ளுவர் வினைத்தூய்மை என ஓர் அதிகாரமே வகுத்திருக்கின்றார் என்பதும் நினைவுக்கு வரும். போற்றுதல் தகும். ஆயினும் எண்ணிக்கைக்குக் கூலி கொடுக்கும் ஒழுங்கில், சுரண்டும் ஒவ்வொரு நிமிடமும் தொழிலாளியின் சொந்தப் பணத்திலிருந்தே செலவாகின்றது. மெசின் ஓடும் நேரத்தை எவராலும் குறைக்க முடியாது. ஆறும் நேரத்தையும் குறைக்கலாகாது. குறைக்கக் கூடியது கண்ணுக்குத் தெரியாத ஆயத்த நேரம் ஒன்றே. வேகத்துக்கு விலை கொடுத்துத் தூய்மையை இலவசமாய்க் கேட்கும் ஒழுங்கு, தூய்மையற்ற இணைப்புகளைத் தானே உண்டாக்குகின்றது. அதனுள் ஒருவர் நேர்மையாய் நின்றால், அந்நேர்மையின் செலவு ஏழைகளிடையே பங்கிடப்படுகின்றது. பயனோ முழு ஊருக்கும் சேர்கின்றது.

மெசின் தரும் சான்றையும் இவ்வாறே நோக்கவேண்டும். அது பொய் சொல்வதில்லை. குறித்த மின்னழுத்தம் குறித்த நேரம் கொடுக்கப்பட்டது என்பதே அது தரும் செய்தி. அது முற்றிலும் உண்மை. அச்செய்தியை 'இணைப்பு நன்று' என்று வாசிப்பவனே பொய்யை உண்டாக்குகின்றான். பல்கலைக்கழகத்தாருக்கு இது புதிதாய்த் தோன்றாது. குறித்த ஆண்டுகள் பயின்றார், குறித்த பரீட்சைகளுக்குத் தோற்றினார், குறித்த புள்ளிகளைப் பெற்றார் என்று பட்டச் சான்றிதழும் சொல்கின்றது. கற்றது உள்ளே ஊர்ந்து பின்னியதா, வெறுமனே மேலே ஒட்டி நிற்கின்றதா என்பதைச் சான்றிதழ் அறியாது. பரீட்சை மண்டபத்தைத் தாண்டிய பின்னர், வாழ்க்கை இழுத்துப் பார்க்கும்போதே அது தெரியவரும்.

இக்குறைக்கு மாற்று இல்லாமலில்லை. கையாற் சுரண்டுவதற்குப் பதிலாகக் குழாயைச் சுற்றி ஓடி ஒரேயளவு தோலை உரிக்கும் சுழற்சுரண்டி உண்டு. அதனை ஒவ்வொரு குழுவுக்கும் வழங்கலாம். கோடிட்ட முனையையும் சுரண்டிய முனையையும் சொக்கற்றில் இடுமுன் படம்பிடித்து, இணைப்பின் இலக்கத்தோடு சேர்த்துவைக்கலாம். இன்று அதற்குக் கையிலுள்ள தொலைபேசியே போதும். இடையிடையே ஓர் இணைப்பை முன்னறிவித்தலின்றி வெட்டியெடுத்து உரித்துச் சோதிக்கலாம். அதன் செலவைத் தொழிலாளியின் கூலியிற் கழிக்காது ஒப்பந்தத்திலேயே சேர்க்கலாம். யாவற்றுக்கும் மேலாக, ஆயத்தம் செய்யும் நேரத்துக்குக் கூலி வழங்கலாம். இவற்றுள் எதுவும் பெரும் பொறியியற் புதுமையன்று. வெட்டச் சொன்னவருக்குத் தண்டம் விதியாத ஒழுங்கை அமைப்பதே வேண்டப்படுவது.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இது பிற ஊர்களிலும் பார்க்க நெருக்கமான செய்தி. அங்கே வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிடையே தங்கும் மழைநீரையே தலைமுறை தலைமுறையாய்க் கிணறுகள் தந்தன. அந்நீரிலும் பசளையும் மலக்குழியும் நைத்திரேற்றைச் சேர்த்துள்ளன. கரையோரங்களில் உவர் ஏறியுள்ளது. ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இற் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்த குடிநீர்த் திட்டம் முதலில் இரணைமடுக் குளத்தை நோக்கியது. தம் வயல்களுக்கு நீர் குறையுமென்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். ஈற்றில் கடலையே நாடவேண்டியதாயிற்று. தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்கவல்ல நிலையம் 2024 ஓகத்து மாதம் திறந்துவைக்கப்பட்டது. கடல்நீரை உயர் அமுக்கத்தில் மென்சவ்வினூடே செலுத்தி உப்பை நீக்க மின்சாரம் பெருமளவு செலவாகும். இத்துணை விலைகொடுத்துப் பெற்ற நீர், தெருவின் கீழ் ஒருவரும் அறியாது மண்ணுட் கசியுமாயின், அந்நட்டம் பணத்தளவில் நில்லாது.

அவ்விளைஞன் பின்னர் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தான். குழுத் தலைவர் வேறொரு கிடங்குக்குச் சென்றார். மூன்று பிள்ளைகளின் தந்தையும் அவருடனேயே சென்றார் என்பது குறிப்பிடத்தக்கது. அவர் கோபம் தணிந்ததா என்பதை எவரும் கேட்டறியவில்லை. ஆனால் அந்நிகழ்ச்சியின் பின் அவர் நின்ற கிடங்குகளின் அடியிற் கருஞ்சுருள்கள் குவிந்து கிடந்தன. அச்சுருள்களும் மாலையில் மண்ணோடு சேர்த்தே மூடப்பட்டன.